பலகையில் ஒரு காலி இடம்

நட்டு என்று சொன்னால்தான் அந்த விமான நிலையத்தில் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவான். விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் தலை நரைக்கும்வரை நட்டும் போல்ட்டுமாகக் கிடந்த மெக்கானிக் அவர். பெயருக்கு அவர் மனைவி மட்டும் வேறு காரணம் சொல்வாள். "மண்டையில ஒரு நட்டு கழண்டு கிடக்கு, வேற என்ன?"

கழண்டது அவருக்கு மட்டுமா? அது அந்தக் குடும்பத்தின் பரம்பரை வியாதி. அவருடைய அப்பா ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். லீவு நாளில்கூட வீட்டில் இருப்புக் கொள்ளாது. பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பி வேலியோரம் போய் நின்றுவிடுவார். பையனுக்கு விமானம் ஓட்ட வேண்டுமென்று கொள்ளை ஆசை. கண் பரிசோதனையில் வலது கண் காலை வாரிவிட்டது. ஓட்டத்தான் விடமாட்டார்கள், தொடவாவது விடுவார்களே என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அப்புறம் சிட்டு பிறந்தாள். என்ஜின் சத்தம் கேட்டால் அப்பாவும் மகளும் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் சமைக்கறதுக்கு நான் அந்த ப்ளேனுக்கே சமைச்சுப் போடலாம்" என்று மனைவி கத்துவாள். கத்திவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அவளும் மேலே ஏறுவாள். அதுதான் வேடிக்கை.

அந்தச் சிட்டுதான் இப்போது துணை விமானி. பயணிகளோடு முதல் தடவை பறக்கப் போகிறாள். அதுவும் நட்டுவின் கையால் சரிபார்த்த சின்ன விமானத்தில். அம்மா புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டகையில் ஒரு கறாரான சட்டம் உண்டு. சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் கறுப்பில் வரைந்து, அதன் மேலேயே அந்தக் கருவியை மாட்டியிருப்பார்கள். ஒன்றை எடுத்தால் கறுப்பு உருவம் பல்லிளிக்கும். ஓர் இடம் காலியாக இருந்தாலும் சரி, அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் நகரக் கூடாது. றெக்கைக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடந்தால் போதும், உள்ளே ஓடும், விமானத்தைத் திருப்புகிற இழுவைக் கம்பியில் சிக்கி எல்லோர் கதையையும் முடித்துவிடும்.

நட்டு வேலையை முடித்தார், பலகையைப் பார்த்தார், எல்லாம் இருந்தது, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் மனசு கேட்கவில்லை. றெக்கைக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி உள்ளே இன்னொரு தடவை பார்த்துவிட்டு, குட்டை ஸ்க்ரூடிரைவரால் திரும்ப முடுக்கினார். அந்த நேரம் பார்த்துச் சிட்டு வந்தாள், மடிப்புக் கலையாத சீருடையோடு.

"அப்பா, போயிட்டு வரேன்."

"தொடாதே, தொடாதே! கையெல்லாம் கிரீஸ். இரு, கழுவிட்டு ஓடி வரேன்."

கழுவிவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்துப் போம்மா" என்றார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

விமானத்தை வெளியே இழுத்துப் போனார்கள். பயணிகள் ஏறினார்கள். கொட்டகையைப் பூட்டப் போனவர் பலகையைப் பார்த்தார். குட்டை ஸ்க்ரூடிரைவரின் இடம் காலி.

சட்டைப் பையைத் தடவினார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். திரும்ப மாட்டினேனா? மாட்டினேன். மாட்டினேனா? கை மாட்டினேன் என்றது, தலை சத்தியம் பண்ண மறுத்தது. வெளியே முதல் என்ஜின் உறும ஆரம்பித்தது.

என்ன செய்வது சொல்லுங்கள்! நிறுத்தினால் மகளின் முதல் நாள் நாசம். வேலையும் போகலாம். நிறுத்தாவிட்டால்? அந்தக் கேள்வியை முடிக்க அவருக்குத் தைரியம் இல்லை. ஓடினார். விமானத்துக்கு நேர் முன்னால் போய் நின்று, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி வைத்தார். நிறுத்து என்று அர்த்தம். கண்ணாடிக்குப் பின்னால் சிட்டு முதலில் சிரித்தாள், அப்பா வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்து. அப்புறம் சிரிப்பு நின்றது. என்ஜினும் நின்றது.

ஷிப்ட் இன்சார்ஜ் ஓடி வந்தான். நட்டுவிடம் வேலை பழகியவன். "என்னண்ணே?"

"குட்டை ஸ்க்ரூடிரைவரைக் காணோம். கடைசியா றெக்கைக்கு அடியில வேலை பார்த்தேன்."

"நல்லா தேடினீங்களா? உங்க பொண்ணுக்கு முதல் நாளுண்ணே இது."

"எவன் பொண்ணா இருந்தா என்ன? இறக்குடா எல்லாரையும்!"

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். "எந்த முட்டாள் பண்ண வேலை இது?" என்றார் ஒருத்தர். நட்டுவின் மனைவி சும்மா இருப்பாளா? "அந்த முட்டாள் வாயை மூடிட்டு இருந்திருந்தா உங்களுக்குச் சௌகரியமா இருந்திருக்குமோ?" என்றாள்.

மூடியைக் கழற்றினார்கள். நட்டு தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த மூடி, அதற்கடுத்தது. எங்கும் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இன்னும் எதைத் திறப்பது என்று தலையை வெளியே இழுத்தபோது, சிட்டு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே கேப்டன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளியில் பரீட்சை என்றால் அவர் பையிலிருந்து ஒரு நட்டோ வாஷரோ எடுத்துக்கொண்டு போவாள். அப்பா கூட இருக்கிற மாதிரியாம். திருட்டுக் கழுதை என்று அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். வீட்டில் கிடந்த சாமானைத்தான் எடுத்தாள். பலகையில் என்றைக்கும் கை வைத்தவள் இல்லை. இன்றைக்கு அவர் கை கழுவப் போன நேரத்தில் வைத்துவிட்டாள்.

சிட்டு கையை நீட்டி விரித்தாள். குட்டை ஸ்க்ரூடிரைவர்.

"கையெழுத்துப் போட்டாச்சே, இனிமே பலகையைப் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன். சாயங்காலம் வந்து மாட்டிடலாம்னு..."

கேப்டன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். இன்சார்ஜ் தொண்டையைச் செருமினான். "அண்ணே, நீங்களா குடுத்தது? குடுத்துட்டு மறந்துட்டீங்களா? அப்படின்னா விஷயம் வேற."

வேற என்றால் என்ன என்று நட்டுவுக்குத் தெரியும். பழி அவர் தலையில் விழும், மகள் பறப்பாள். அவருக்கு இனி எத்தனை நாள் வேலை? அவளுக்கு இப்போதுதானே ஆரம்பம்? விமானம் சம்பந்தமாக வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனுஷன்.

"ஆமா தம்பி" என்றார். "நான்தான் குடுத்தேன். வயசாச்சு, மறந்துட்டேன்."

"இல்லை." சிட்டு உடனே சொன்னாள். "அப்பா பொய் சொல்றார். அவருக்குத் தெரியாமதான் எடுத்தேன்."

கேப்டன் தலையசைத்தார். "இன்னைக்கு நீ பறக்க வேண்டாம். விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்." வேறு துணை விமானிக்கு ஆள் போயிற்று. அம்மா புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு ஓட்டாத ப்ளேன்ல எனக்கென்ன வேலை?" என்று வெறுங்காலோடு காத்திருப்பு அறைப் பக்கம் நடந்தாள்.

நட்டு மகளிடம் போனார். வந்த கோபத்தில் ஓர் அறை விடலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "அறிவிருக்கா உனக்கு? நான்தான் தாங்கிக்கறேன்னு சொன்னேன்ல? வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நான் பண்ணது தப்பு, அனுபவிக்கறேன். நீங்க ஏம்ப்பா பொய் சொன்னீங்க? நாளைக்கு நீங்க சரின்னு கையெழுத்துப் போட்ட ப்ளேன்ல நான் எதை நம்பி ஏறுவேன்?"

நட்டு மகளை அங்கேயே விட்டுவிட்டு இன்சார்ஜிடம் திரும்பி நடந்தார். அவன் ஏற்கனவே குனிந்து விசாரணைக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க போங்கண்ணே. நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலை."

"விழுந்தது" என்றார் நட்டு. "நான் பொய் சொன்னேன். அதையும் எழுது."