ஊசி போட்டபின் கால் மணித்தியாலம்

எங்கள் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. நான் சோற்றுப் பானையைத் திறக்கும்போதுதான் என் கணவர் இன்சுலின் ஊசியைக் கையில் எடுப்பார். ஊசி போட்டால் கால் மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். பிந்தினால் உடம்பில் சீனி இறங்கி, ஆள் தடுமாறி விழுந்துவிடுவார். லண்டனில், மோர்டன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் பதினொரு வருடமாக இந்த முறை ஒருநாளும் பிசகியதில்லை. பிசகியது தென்னாபிரிக்காவில், ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத மலைக் கணவாயில்.

அந்தக் கணவாயைத் தொலைபேசியில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டவர் அவர்தான். முப்பது வருடம் லண்டனில் மழைக்குள் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு மழையே இல்லாத ஒரு மலையைப் பார்க்க வேண்டுமாம். எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பெப்ரவரியில் ஒரு கிழமைதான் விடுமுறை. அங்கே அது கொதிக்கிற கோடை காலம். "அடுப்புக்குள்ளை போய் என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்று கேட்டேன். "அருவி இருக்கு" என்றார், ஏதோ வீட்டுக்குப் பின்னால் இருப்பதைப்போல.

இருந்தது உண்மைதான். இரண்டு பக்கமும் சிவந்த பாறை நெட்டுக்குத்தாக எழுந்து நிற்க, நடுவில் வளைந்து வளைந்து போகிறது பாதை. பாதையோரமெல்லாம் சப்பாத்திக்கள்ளி, மடலுக்கு மடல் பழத்தோடு. காரை நிறுத்திய இடத்திலிருந்து படியேறினால் அருவி. அதன் சத்தம் கேட்டது, ஆனால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவு வறண்ட இடத்தில் தண்ணீரின் சத்தம் எனக்கு என்னவோ நல்லதாகப் படவில்லை. வெயில் என்று நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மத்தியானமாகிவிட்டது. காரின் பின்கதவைத் திறந்து சாப்பாட்டுப் பையை எடுத்தேன். லண்டனிலிருந்து கொண்டுபோன மாவில் காலையில் அவித்த புட்டும் கிழங்குக் கறியும். பையைக் கண்டதும் அவர் பழக்கதோஷத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் கமெராவைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"அங்கை ஒரு மான் நிக்குது. இந்தா வந்திட்டன்."

"தூரமோ?" என்று கேட்டேன்.

"இல்லை, கிட்டத்தான்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. புறப்படுகிறவரைப் பார்த்து "எங்கே போகிறீர்கள்?" என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கைகூடாது. தவிர்க்க முடியாவிட்டால் "தூரமோ?" என்போம். லண்டனில் அவர் ஷிப்டுக்குப் போனபோதும் கடைக்குப் போனபோதும் அதைத்தான் கேட்டேன். அது வாயில் ஊறிப்போனது.

கோப்பைகளைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். பபூன் குரங்குகளிடம் கவனம் என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். வாசித்தேன். வாசித்த பிறகும் காரின் பின்கதவு திறந்திருப்பது எனக்கு உறைக்கவில்லை. திரும்பி வந்தபோது நாயளவு குரங்கு ஒன்று எங்கள் பையை இழுத்துக்கொண்டு பாறையில் ஏறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது திரும்பிப் பல்லைக் காட்டியது. பையில் புட்டு மட்டும் இல்லை, சீனி இறங்கினால் வாயில் போடும் அவருடைய குளுக்கோஸ் குளிசைகளும் இருந்தன. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று கெட்டித்தனமாக அடுக்கியவள் நான்தான்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை.

வாகனத் தரிப்பிடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த காவலரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தும்புத்தடியைப் போட்டுவிட்டு, "எந்தப் பக்கம் போனார்? அருவிக்கா, ஆற்றுப் படுக்கைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது."

"எங்கே போகிறேன் என்று சொல்லவில்லையா?"

"நான் கேட்கவில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், புருஷன் பெண்சாதி சண்டை என்று முடிவுகட்டியது தெரிந்தது. எங்கள் வழக்கத்தை அந்த வெயிலில் நின்று எந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது? அவர் அருவிப் பக்கம் படியேறினார். நான் ஆற்றுப் படுக்கையில் இறங்கினேன். ஒரு காலில் செருப்பு இல்லை.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினேன். பாறை அதையே திருப்பிக் கத்தியது. பிறகு மேலேயிருந்து குரங்குகள் குரைத்தன. நின்று காதைக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். தொண்டை வறண்டு, குரல் அடைத்து, கடைசியில் மூச்சுத்தான் வந்தது. செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு மானுக்காக!

மூன்றாவது வளைவில் ஒரு பாறை நிழலில் இருந்தார். கமெரா மடியில். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. கைகள் தந்தியடித்தன. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாக, ஆங்கிலத்தில், "மன்னிக்கவும் மேடம், இந்த பஸ் இதற்கு மேல் போகாது" என்றார்.

அவரை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினாலும் அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் எதிர்க்கரையில் ஒரு குட்டிக் குரங்கு வாயெல்லாம் சிவக்க எதையோ தின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். கள்ளிப்பழம். என் பக்கத்திலும் ஒரு பற்றை நிறையப் பழுத்துக் கிடந்தது.

வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு பழங்களை முறுக்கிப் பிடுங்கினேன். மயிர்போன்ற முள் சால்வையைத் துளைத்துக்கொண்டு விரல்களில் ஏறியது. கார்ச் சாவியால் தோலைக் கிழித்து, சதையைப் பிழிந்து அவருடைய வாயில் விட்டேன். "நோ, தாங்க்யூ" என்று முகத்தைத் திருப்பினார். நாடியைப் பிடித்துத் திருப்பி, "விழுங்குங்கோ! விழுங்குங்கோ எண்டெல்லே சொல்லுறன்!" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை இப்படிப் பிடித்திருந்தால் என் வேலை போயிருக்கும். ஆறு பழமோ ஏழு பழமோ. அவருடைய நாடியெல்லாம் சிவப்புச் சாறு வழிந்தது.

என் சத்தத்தைக் கேட்டுக் காவலர் வந்து சேர்ந்தார். தன்னுடைய பிளாஸ்கைத் திறந்து, சீனி அள்ளிப் போட்ட தேநீரை நீட்டினார். இரண்டு கோப்பை குடித்தார் என் கணவர். நடுக்கம் மெல்ல அடங்கியது. பிறகு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்து, "உம்மடை ஒரு செருப்பு எங்கை?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என் வாய் ஓயவில்லை. காவலர் முன்னால் நடக்க, நான் ஏசிக்கொண்டே பின்னால் அவரைக் கூட்டி வந்தேன். மானை ஏசினேன், கமெராவை ஏசினேன், அவருடைய பரம்பரையையும் விடவில்லை. "தொண்டை கிழியக் கத்தினனான். ஒரு குரல் குடுக்க ஏலாதே? காது கேக்கேல்லையே உங்களுக்கு?"

அவர் நின்றார்.

"கேட்டது" என்றார். "ஆரோ ஒரு மனுசி தன்ரை ஆளைத் துலைச்சுப்போட்டுக் கத்துறா எண்டு விளங்கினது. பாவம், அந்த ஆள் கெதியிலை கிடைச்சிட வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "முள்ளு குத்துது" என்றார். கார் நிறுத்திய இடம் வரும்வரை நான் விடவில்லை.