சமையல்கார அக்காவின் ரத்தமும் என் ரத்தமும்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓர் ஆடி மாதம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாகவும் மாணவியர் விடுதிக்கு வார்டனாகவும் இருந்தேன். ஒரே வாரத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஒருத்திக்கு வாந்தி நிற்கவே இல்லை. அவளைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பெற்றோர்கள் விடுதி வாசலில் கூடிவிட்டார்கள். நான் பயந்துபோனேன். சமையல்கார அக்கா போன மாதம் அசதி என்று இரண்டு நாள் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. "நாளையிலிருந்து வராதீங்கக்கா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. "எனக்குக் காமாலைன்னு எத வச்சுச் சொல்லுதீய டீச்சர்? ரத்தம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். இந்தக் காமாலை புதிதாகத் தொற்றியிருந்தால் ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கும், எப்போதோ வந்து போயிருந்தால் வேறுவகை இருக்கும் என்று விளக்கினார். அக்காவுக்கு ரத்தம் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் அங்கதான சாப்பிடுதீங்க? கைய நீட்டுங்க."

ரத்தம் மதுரைக்குப் போய் முடிவு வர நான்கு நாள். போன் அடித்தாலே ஆஸ்பத்திரிப் பிள்ளைக்கு என்னவோ என்று ஓடிப்போய் எடுப்பேன். மூன்றாம் நாள்தான் ஒன்று உறைத்தது. பள்ளி திறந்த வாரம் எனக்கும் காய்ச்சலும் குமட்டலும் இருந்தன. வெயில் சூடு என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மோர் கரைத்துக் கொடுத்தது நான்தான்.

முடிவு வந்தது. அக்காவுக்கு எப்போதோ வந்து போனது. புதிய தொற்று இல்லை. எனக்குத்தான் புதியது.

"இத வச்சு உங்களாலதான் பரவுச்சுன்னு சொல்ல முடியாது. தண்ணியாவும் இருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த ஆறுதல் எனக்குள் இறங்கவில்லை.

பெற்றோர்களை வரவழைத்து இரண்டு முடிவுகளையும் வாசித்துக் காட்டினேன். சிலர் ஏசினார்கள். கேட்டுக்கொண்டேன். பிறகு அக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக முடிவுத் தாளை நீட்டினேன். அவரே பேசினார்: "ஒடம்பப் பாத்துக்கிடுங்க டீச்சர். அந்தப் பிள்ள எப்படி இருக்கு?"

பத்து நாளில் அந்தப் பிள்ளை தேறிவிட்டாள். அக்காவும் வேலைக்குத் திரும்பினார். ஆனால், பயம் வந்தால் என்னைவிட எளியவர் ஒருவரைத் தேடித்தான் என் விரல் நீளும் என்று அன்று தெரிந்துகொண்டதை, இத்தனை வருடம் கழித்தும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.