ஆறாம் பக்கத்துத் திருத்தம்

காரைக்காலில் ‘கீழைமுரசு’ நாளிதழ் தொடங்கி நாற்பது வருஷம் ஆனபோது, அதன் வரலாற்றை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதித் தரும்படி கலைவாணன் அல்லியிடம் சொன்னான். பத்திரிகையை ஆரம்பித்த சிதம்பரநாதனின் மகன் அவன். அப்பா போன பிறகு ஆசிரியரும் முதலாளியும் அவனே. அல்லி நெரவியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து, இருபத்தாறு வருஷமாக அங்கே பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவள்.

“அப்பாவப் பத்தி நல்லா எழுதுங்கக்கா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் விழாவுக்கு வர்றாங்க.”

எழுத நிறைய இருந்தது. கையால் அச்சுக் கோத்து இரண்டே தாளாக வந்த காலம். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷங்களில் சிதம்பரநாதன் வாய்க்கால் வாய்க்காலாகப் போய் எழுதிய செய்திகள். நாலாயிரம் பிரதி விற்ற நாட்கள். இப்போது தொள்ளாயிரம் போகிறது, அதுவும் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தால். எல்லாவற்றையும் இரண்டு நாளில் எழுதிவிட்டாள். இரண்டாயிரத்து ஐந்து ஜனவரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

சுனாமி அடித்து ஒரு வாரம் இருக்கும். ‘பிணங்களில் நகை திருடிய மீனவர் பிடிபட்டார்’ என்று முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குச் செய்தி வந்தது. கிளிஞ்சல்மேட்டுத் தியாகராசன் என்று பெயர் போட்டு வந்தது. டைப் அடித்தது அல்லி. உண்மை மறுநாளே தெரிந்துவிட்டது. அவர் துணியில் சுற்றி எடுத்துப் போனது, செத்துப்போன தன் அண்ணியின் சங்கிலி. போலீசார் விசாரித்துவிட்டு, பிடித்த அன்று சாயந்திரமே அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தத் தகவலை நிருபர் எழுதிய தாள் அல்லியின் மேசைக்கும் வந்தது. சிதம்பரநாதன் அதை வாங்கிப் பார்த்து, “இப்ப இதப் போட்டா நம்ம பேர்தான் கெடும். மெதுவாப் பாப்போம்” என்றார். அதோடு சரி.

தியாகராசனுக்கு நிச்சயமாகியிருந்த பெண் வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய அம்மா மீன் விற்கப் போன இடமெல்லாம் “நகைக்காரி வர்றா” என்றார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் அலுவலகத்துக்கு வந்தார். முதல் இரண்டு வருஷம் கெஞ்சினார். அப்புறம் கெஞ்சுவதை விட்டுவிட்டு வாசலில் நின்றபடி, “போட்டாச்சா?” என்று மட்டும் கேட்பார். ஒரு தடவை பெயர்ப் பலகையில் காறித் துப்பிவிட்டுப் போனார். அல்லி அப்போதெல்லாம் தலையைத் தூக்க மாட்டாள். வாய் திறந்தால் வேலை போகும் என்ற பயம். வருகிறாரே என்று அந்த மனிதர் மேலேயே எரிச்சல் வரும். எரிச்சல் வந்ததே என்று தன் மேல் அருவருப்பு வரும்.

வரலாற்றில் அதையும் ஒரு பத்தியாக எழுதினாள். ‘அந்தச் செய்தி தவறு. தியாகராசன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. திருத்தம் வெளியிடாமல் இருந்ததற்குக் கீழைமுரசு வருந்துகிறது.’

கலைவாணன் படித்தான். முகம் சிவந்தது.

“என்ன இது? விழா மலர்ல எங்கப்பாவ அசிங்கப்படுத்தச் சொன்னனா உங்கள?”

“நடந்ததத்தான் எழுதியிருக்கேன் தம்பி.”

“எடுத்துடுங்க. அந்தாளுக்கு வேற வேலையில்ல, வருஷா வருஷம் வந்து கத்துறான். நீங்களுமா?”

எடுத்தாள். சாயந்திரம் பக்கங்களை மயிலாடுதுறை அச்சகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அனுப்புவதற்கு முன் பத்தியைத் திரும்பவும் சேர்த்தாள்.

மறுநாள் விழா மேடையில் விருந்தாளிகள் இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கலைவாணன் அவளைப் பின்பக்கம் கூப்பிட்டான்.

“இத்தன வருஷம் எங்க சோத்தத் தின்னுட்டு எங்க இலையிலயே மண்ணப் போட்டுட்டல்ல? இனிமே ஆபீஸ் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது.”

‘அக்கா’ போய் ‘உன்ன’ என்றானது. “உங்க சோறு இல்ல, நான் ஒழச்ச சோறு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் தியாகராசன் நின்றிருந்தார். கையில் இதழ். அவர் முகத்தில் மலர்ச்சி இருக்கும் என்று அல்லி ஒரு கணம் நினைத்தது தப்பு.

“இது எத்தினியாவது பக்கம்?” என்றார்.

“ஆறு.”

“அன்னிக்கு எந்தப் பக்கத்துல போட்டீங்க?”

“மொதப் பக்கத்துல.”

“எங்கம்மா திருடன் அம்மாவாவே செத்துப்போச்சு. நாலு வருஷமாச்சு. நீங்க ஆறாம் பக்கத்துல, ஒரு மூலையில, வருத்தம்னு போடுறீங்க. அன்னிக்கு நீதான டைப் அடிச்ச?”

“நான்தான்.”

“ஒன்னயும் விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கலைவாணன் அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். நாலு நாள் கழித்து ஒரு கட்டம் கட்டிப் போட்டான்: ‘நகைத் திருட்டில் பிடிபட்ட தியாகராசனைப் பற்றி விழா மலரில் வந்த வருத்தம், நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகச் சேர்த்தது. நிர்வாகத்துக்குத் தொடர்பில்லை.’

அந்தத் தாளோடு தியாகராசன் வக்கீல் எழில்மதியிடம் போனார். எழில்மதி இரண்டு முறை படித்துவிட்டு, “பழைய செய்திக்குக் கேஸ் போடற காலம் எப்பவோ தாண்டிப்போச்சு. ஆனா இத இந்த வாரம் போட்டிருக்கான். இது புதுசு” என்றார். அல்லியின் வீட்டைத் தேடி வந்ததும் அவர்தான். “அவர விடுவிச்ச தகவல் அப்பவே ஆபீசுக்கு வந்திருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கோர்ட்ல சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“அவரு உங்க மேலயும் கோவமாத்தான் இருக்காரு. முன்னாலயே சொல்லிடறேன்.”

“தெரியும்” என்றாள் அல்லி.

கோர்ட்டில் தியாகராசன் அவள் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. கலைவாணனின் வக்கீல், வேலை போன ஆத்திரத்தில் பொய் சொல்கிறாள் என்று வாதாடினார். தாள் வந்த கிழமை, அதில் என்ன எழுதியிருந்தது, சிதம்பரநாதன் என்ன சொன்னார் என்று அவள் ஒன்று விடாமல் சொன்னாள். “தெரிஞ்சும் ஏன் இருபது வருஷம் சும்மா இருந்தீங்க?” என்று அந்த வக்கீல் கேட்டார். “பயந்துட்டுதான்” என்றாள். எதிர் பெஞ்சில் தியாகராசன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். கனிவான பார்வை இல்லை அது.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கலைவாணன் சமரசத்துக்கு இறங்கி வந்தான். அதே முதல் பக்கத்தில், அதே நாலு பத்தி அகலத்தில் திருத்தம் போட ஒத்துக்கொண்டான். தியாகராசன் வேறெதுவும் கேட்கவில்லை.

திருத்தம் வந்த அன்று அல்லி பேருந்து நிலையத்தில் பத்திரிகை வாங்கி, நின்றபடியே படித்தாள். அப்போது அவள் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒத்துக்கொண்டபடி இருந்தது. பெயரை மட்டும் ‘தியாகராஜன்’ என்று போட்டிருந்தார்கள். உடனே போன் செய்தாள்.

“அல்லி பேசறேன். பேர் தப்பா இருக்கு. ‘ச’ போடணும், ‘ஜ’ போட்டிருக்கே.”

“ஒனக்கு என்னடி இன்னும்?”

“வேற ஒருத்தன்னு ஊர்ல சொல்வாங்க. நாளைக்கு மொதப் பக்கத்துல வரணும்.”

கலைவாணன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அரை மணி நேரத்தில் தியாகராசன் கடைக்குள் வந்தார். தாளை விரித்து மேசையில் வைத்தார். “பேரப் பாத்தியா?”

“பாத்தேன். போன் பண்ணிட்டேன். நாளைக்குப் போடச் சொல்லியிருக்கேன்.”

“போடலன்னா?”

“மறுபடி கூண்டுல ஏறிச் சொல்றேன்.”

அவர் தாளை மடித்தார். “நீ செஞ்சதெல்லாம் எனக்கு மறக்காது” என்றார்.

“மறக்க வேணாம்.”

போய்விட்டார். மறுநாள் முதல் பக்கத்தின் அடியில், இரண்டு வரியில், சரியான பெயர் வந்தது.