இல்லாத கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடியவன்

சிங்கப்பூரில் மனிதர்கள் சும்மா ஓடுகிறார்கள். நாய் துரத்தவில்லை, பஸ் கிளம்பவில்லை. ஆனாலும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து மூச்சு வாங்குகிறார்கள். திண்டுக்கல்லில் இப்படி ஓடினால் பெண் கொடுக்க மாட்டார்கள். இந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன். எங்கள் துறைமுக அலுவலகத்துப் பந்தய அணியில் நான்காவது ஆள். வேறு ஆள் கிடைக்காததுதான் என் தகுதி.

முதல் மாதமே வலது முட்டி வீங்கியது. இன்னொரு தடவை வீங்கினால் அணியில் இடமில்லை என்றார் பயிற்சியாளர். பட்டாளத்து வெள்ளைக்காரர். என் ஓட்டத்தைப் பார்த்தால் புளித்த மோர் குடித்தவர் முகமாகிவிடும். குதிகால் முதலில் விழக் கூடாதாம், எட்டுகளைச் சிறிதாக எடுத்து வைக்க வேண்டுமாம், பாதம் உடம்புக்கு நேர்கீழே இறங்க வேண்டுமாம். முப்பது வயதில் கால் வைக்கப் படித்தேன். அப்படியும் உடம்பு வலப்பக்கமே சாய்ந்தது. இடது கை ஆடாமல் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஸ்டமக் பெயின்?” என்றார்.

அவர் எதைக் கேட்டாலும் “எஸ் சார்” என்பதுதான் என் ஆங்கிலம். டாக்டரிடம் அனுப்பினார், டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். அடுத்த இரண்டு நாள் நான் ஓடிய ஓட்டத்தில் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது; பார்க்கத்தான் பயிற்சியாளர் இல்லை.

மூன்றாம் நாள் கைலியோடு பஸ்ஸுக்கு ஓடியபோது புரிந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் நான் ஓடியதெல்லாம் கைலியில்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சங்கு ஊதினால் அத்தனை பேரும் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நொண்டி ஆடுகளைப் போல ஓடுவோம். அதைத்தான் ஓட்டம் என்று நம்பியிருந்தோம். கால்சட்டைக்கு மாறியது இடுப்புக்கு மட்டும்தான் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

விரல்களைத் தளர்த்தி இரு கைகளையும் வீசப் பழகினேன். முட்டி வீக்கம் அடங்கியது. பந்தயத்துக்கு முன் ஊருக்குப் புறப்பட்டபோது பயிற்சியாளர் தன் இடுப்பைப் பிடித்துக் காட்டி, “நோ!” என்றார். பழைய ஓட்டத்தோடு வந்தால் இடமில்லை என்று அர்த்தம்.

ஊரில் சின்னாளப்பட்டி பஸ் நகர்ந்துவிட்டது. முன்னால் ஓடி ஏறிய தங்கை புருஷன் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: “ஓடியாங்க மச்சான்! அம்புட்டுப் பீத்துனீகளே, அந்தச் சிங்கப்பூர் ஓட்டத்தக் காட்டுங்க!”

காட்டினேன். சின்ன எட்டு, நிமிர்ந்த உடம்பு, வீசும் இரு கைகள். பாதி தூரத்தில் கைலி என்னை விட்டுப் பிரிந்தது.

“கைலியும் நீங்களும் ஒண்ணா வாங்கண்ணே! தனித்தனியா ஏத்த மாட்டேன்!” என்றார் கண்டக்டர்.

பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கைலி பின்னால் ரோட்டில் கிடந்தது. நடுவில் நான், அரை டிராயரோடு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல், பயிற்சியாளரே குற்றம் சொல்ல முடியாத நிலையில் நின்றுகொண்டிருந்தேன்.