எஞ்சினுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. என் வீட்டுக்காரருடைய கை அதன் வயிற்றுக்குள் இருந்தது. நான் அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்...

இருங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. மனவருத்தம், எரிச்சல் என்று நாசூக்காகவும் சொல்லலாம்தான். வாரா வாரம் பேசிக்கொள்கிற உங்களிடம் என்ன ஒளிவு மறைவு? பச்சைப் பொறாமை! அதுவும் யார் மேல்? என் கொழுந்தனார் குமாரின் பெண்டாட்டி புஷ்பா மேல்.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. மாமனார் விட்டுப்போனது. ஓடுகிற அன்றைக்கு அது கார். மற்ற நாட்களில் கோழி முட்டையிடுகிற இடம். போன மாதம் கொஸ்லந்தையில் புஷ்பாவின் அம்மா வீட்டுக்கு எல்லோருமாகப் போய்விட்டுத் திரும்பும்போது, பெரகல ஏற்றத்தில் கருகிய வாடை. எஞ்சின் உறுமுகிறது. வண்டி நகரவில்லை.

"கிளட்ச் பிளேட் போயிருச்சு அத்தான்" என்றாள் புஷ்பா, பின் சீட்டிலிருந்து.

என் வீட்டுக்காரர் திரும்பி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார் பாருங்கள்... பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட மனிதர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

புஷ்பாவின் அப்பா தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். மற்றப் பிள்ளைகள் பாண்டி விளையாடிய வயதில் இவள் லொறிக்கு அடியில் கிடந்திருக்கிறாள். நானோ தமிழ் டீச்சர். ஸ்பேனருக்கும் குறட்டுக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன்.

கிளட்சை மாற்ற எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்த்தே வெளியில் எடுக்க வேண்டுமாம். "கராஜுல விட்டா அவங்க தர்றப்பதான் தருவாங்க. நம்மளே எறக்கிருவோம் அத்தான்" என்றாள் அவள். "எறக்கிருவோமா?" என்றார் இவர், பல்லெல்லாம் தெரிய. என்னை யார் கேட்டார்கள்?

இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். பள்ளிக்கூட விடுமுறை வேறு. தப்பிக்க வழியில்லை. பொனட்டைக் கழற்றினார்கள். ரேடியேட்டரைக் கழற்றினார்கள். எஞ்சின் ஒயிலை வடித்தார்கள் — என் ரசச் சட்டியில்! "புஷ்பா, அந்தப் பதிமூணு..." என்று அவர் வாயைத் திறப்பதற்குள் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் கைக்கு வந்துவிடும். அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று நான் தொண்டை வறளச் சொல்கிறேன், மனிதர் காதில் ஏறவில்லை. "ஒரு வாஷர் விழுந்த சத்தம் கேட்டுச்சு அத்தான்" என்று அவள் சொன்னால் போதும், நாலு காலில் தவழ்ந்து தேடுகிறார்.

குமார் என்ன செய்தான் என்கிறீர்களா? கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு போனில் கிரிக்கெட் பார்த்தான். "அண்ணி, பிளேன்டீ இருக்கா?" — இதுதான் அவனுடைய பங்களிப்பு. அவனுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பொறாமைப்பட வேண்டியிருந்தது.

பிறகு செயின் புளொக் வந்தது. சங்கிலியை இழுத்தால் பாரத்தைத் தூக்குகிற சாமான். முற்றத்துக் கார் ஷெட்டின் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் போட்டு அதில் தொங்கவிட்டார்கள். புஷ்பா ஓர் எலுமிச்சம்பழத்தையும் காய்ந்த மிளகாயையும் கோத்துக் கொண்டுவந்து கொக்கிக்கு மேலே கட்டினாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"கண்ணு பட்டுறக் கூடாதுல்ல அக்கா."

யார் கண்? வேடிக்கை பார்க்க ஊரா கூடியிருந்தது? குமாரின் கண் போனை விட்டு நகராது. மிச்சம் இருந்தது கோழியும் நானும்தான். கோழிக்காகக் கட்டியிருக்க மாட்டாள்.

நம்ம பதுளைப் பக்கத்து வீடுகளில் சமதரை ஏது? மலையை வெட்டி மேலே ஒரு முற்றம், நாலு படி இறங்கினால் அடுப்படி. என் அடுப்படி ஜன்னலுக்கு நேரே முற்றத்தின் தரை. அடுப்பில் நின்றால் காரின் அடிவயிறு முழுக்கத் தெரியும். மேலே நிற்கிறவர்களுக்குக்கூட அது தெரியாது. அப்புறம் பார்க்காமல் இருக்க முடியுமா? எதை எப்போது கழற்றினார்கள், எதற்குச் சிரித்தார்கள், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கியர் பொக்ஸைத் தாங்குகிற இரும்புப் பட்டையின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காருக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். அவர் ஏதோ சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"சோறு ஆறுது! வர்றீங்களா, கோழிக்குப் போட்டுறவா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். சோறு ஆறவில்லை. அதை அடுப்பிலிருந்து நான் இறக்கவே இல்லை.

"சரி புஷ்பா, இந்த ஒண்ணு இருக்கட்டும். இப்ப எடுத்தா பொக்ஸ் தொங்கிரும். சாப்புட்டு வந்து கழட்டுவோம்" என்றார் இவர்.

சாப்பிட்டார்கள். எழுந்து போனார்கள். நேராகச் சங்கிலியைப் பிடித்தார்கள்.

நான் சட்டி கழுவிக்கொண்டே பார்க்கிறேன். புஷ்பா இழுக்கிறாள். கிர்ர்... கிர்ர்... இவர் குனிந்து கையை உள்ளே விட்டுக் கியர் பொக்ஸைத் தள்ளிவிடுகிறார். "எங்கயோ புடிக்குது அத்தான்." "இன்னும் கொஞ்சம் இழும்மா, வந்துரும்." எஞ்சின் வரவில்லை. மரக்கட்டைகளின் மேல் நின்ற கார்தான் மேலே போனது! கட்டைக்கும் காருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த ஒற்றை போல்ட் எனக்கு நேரே, தன் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மூச்சு நேரம் எனக்குச் சந்தோஷம். மாட்டிக்கிட்டியா மகளே! எல்லாம் தெரிஞ்ச உனக்கு இது தெரியலியே!

அடுத்த மூச்சில்தான் கையைப் பார்த்தேன். கியர் பொக்ஸுக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவில் அவருடைய விரல்கள். மோதிரம் போட்ட விரலும் அங்கேதான் இருந்தது. மேலே குழாய் வளைந்து முனகியது.

"கைய எடுங்க! ஐயோ, கைய எடுங்க! புஷ்பா, இழுக்காத! அந்த ஒரு போல்ட் கழட்டல!"

அவர் கையை உருவினார். குழாய் சரிந்தது. கார் தடாலென்று இறங்க, ஒரு மரக்கட்டை பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. விரல்கள் இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டு நின்றன.

நான் சட்டியும் கையுமாகப் படியேறி ஓடினேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தன. குமார்கூடக் கதிரையை விட்டு எழுந்திருந்தான்.

"அந்த போல்ட் இருக்குன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"எப்ப இருந்து?"

"பொனட்டக் கழட்டுன நாள்ல இருந்து!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புஷ்பா என்னைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் மறந்துட்டேன் அக்கா... அத்தான் கை போயிருக்குமே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். போல்ட்டை மறக்கவைத்த அந்த ஆறாத சோற்றைப் பற்றி அவளிடம் நான் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

நேற்று அந்த ஒற்றை போல்ட்டையும் கழற்றி, எஞ்சினையும் பொக்ஸையும் வெளியில் எடுத்துப் புதுக் கிளட்ச் போட்டு, திரும்பக் காருக்குள் இறக்கினார்கள். இந்தத் தடவை கனமான குழாய். கொக்கியைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் இல்லை.

"என்ன புஷ்பா, கட்டலியா?"

"எதுக்கு அக்கா? நீங்க போயி அடுப்படி ஜன்னல்ல நில்லுங்க. கண்ண எடுக்காமப் பாருங்க. ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா கத்துங்க."

போய் நின்றேன். கையை உள்ளே விடுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் முற்றத்தில் முட்டிபோட்டுக் குனிந்து, காருக்கு அடியால் என் ஜன்னலைப் பார்த்தார். "சரியா?" என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் கேட்டுவிட்டு அவர் செய்த முதல் வேலை அதுதான். "ம்... சரி" என்றேன்.

அத்தோடு பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போக விட்டாள்? சாயங்காலம் அதே பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரோடு படியிறங்கி வந்து, ஒழுகிய குழாயையும் திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் — வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்கள்!