ஃபொண்டு அடுப்பில் வளர்த்த அக்கினி

ஷ்லீரன் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் முதல் தமிழ்க் கலியாணத்தை நடத்தி வைத்தவன் நான். முதல் செத்தவீடும் நான்தான். பதினொரு பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததும் நான். ஐயர் இல்லை, கோயில் இல்லை, வாழைமரம் இல்லை. ஹோட்டல் கிச்சினில் சட்டி கழுவிய கையாலேயே இத்தனையும் செய்தேன். படிப்பு? ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை!

அப்படிப்பட்ட என்னைப் போன சனிக்கிழமை பின் கதிரையில் இருத்தினார்கள்.

எங்கள் சங்கம் ஒரு பயிற்சி தொடங்கியிருக்கிறது. பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு வரும் சோடிகளுக்குச் சடங்கு நடத்தி வைக்க ஆட்கள் வேண்டுமாம். ஆறு சனிக்கிழமை வகுப்பு, கடைசியில் எழுத்துப் பரீட்சை, சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் இனிமேல் சடங்கு நடத்தக் கூடாதாம். அதாவது... நான் நடத்தக் கூடாது! வேறு வழி? நானும் பெயர் கொடுத்தேன்.

படிப்பிப்பவர் சிவநேசன் மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே சூக் நகரில் ரெஸ்டோரன்ட் வேலை. கெட்டிக்காரன்தான் — இல்லையென்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு தாள் தந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'மண்டபத்துக்குள் ஓமம் வளர்க்கும் முறை: ஃபொண்டு அடுப்பு.' கீழே, 'ஆக்கம்: சிவநேசன்.'

அது என் அடுப்பு! அந்த அடுப்பின் கதை உங்களுக்குத் தெரியுமா? முதல் கலியாணத்தில் செங்கல் அடுக்கி விறகு மூட்டினேன். மண்டபக் காவலாளி வாளித் தண்ணீரோடு ஓடி வந்து அக்கினி பகவானை அணைத்துவிட்டார். பொம்பிளையும் நனைந்து போனாள். என்ன அவமானம்! அடுத்த கலியாணத்துக்கு, இந்த நாட்டார் சாப்பாட்டு மேசையில் சீஸ் உருக்கும் சின்ன ஸ்பிரிட் ஃபொண்டு அடுப்பு ஒன்றை வாங்கினேன் — சீஸ் படாத புத்தம் புதிது. மணவறைக்கு முன்னால் கொளுத்தினேன். காவலாளி பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். தன் வீட்டு மேசையில் எரிவதை அவர் எப்படித் தடுப்பார்?

எழும்பி நின்றேன்.

"மாஸ்டர், இந்த அடுப்பு ஆரின்ரை யோசினை?"

"இப்ப எல்லாரும் செய்யிறதுதானே அண்ணை."

"எல்லாரும் ஆரைப் பாத்துச் செய்யினம்?"

"பாடம் முடியட்டும் அண்ணை. பிறகு கதைப்பம்."

"ஓம், பிறகு கதைப்பம்! உம்மடை கலியாணத்திலை நீர் மூண்டுதரம் சுத்தி வந்தது ஆரின்ரை அடுப்பை?"

வகுப்பு சிரித்தது. முன் வரிசையில் இருந்த மாஸ்டரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணையின்ரை அடுப்புத்தான்," என்றாள் மெதுவாக. "என்ரை கூறைச் சீலையிலை கருகின அடையாளம் இப்பவும் கிடக்கு."

மாஸ்டர் திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்த கரும்பலகையைத் துடைத்தார். பிறகு பாடம் நடந்தது. தாளில் மாஸ்டரின் பெயர் அப்படியே இருந்தது.

பரீட்சையில் அந்தக் கேள்வி கட்டாயம் வருமாம். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நான் கண்டுபிடித்ததிலேயே நான் ஃபெயில்!

சங்கத்தாரே, உங்கள் சான்றிதழை நீங்களே வைத்திருங்கள். அந்தத் தாளில் 'அடுப்பு: ஷ்லீரன் கந்தப்பு' என்று என் பெயரில் ஒரு வரி போடுங்கள். அதையும் மாஸ்டரின் பெயருக்கு மேலே போடுங்கள்.

நெருப்பு மூட்டிய பிறகுதானே தாலி?