கே.ஜி.கண்டிகைக் குன்றில் ஒரு கொக்கி

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. அம்பத்தூர் வீட்டில் நாலே முக்காலுக்கு எழுந்தேன். காபி கலந்து குடித்து, ஷேவ் செய்து, மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு சனிக்கிழமை வழக்கப்படி ஜி.பி.எஸ் கருவியின் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி, இரவு சார்ஜ் ஏற்றியவற்றைப் போட்டு, மொட்டை மாடியில் வானம் பார்த்து வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடமாக என்னோடு இருக்கிறது. இதுவரை ஒரு காலையிலும் என்னைக் காக்க வைத்ததில்லை.

கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய பொத்தான் செல்போனைவிடச் சற்றுத் தடிமன், கைக்கு அடங்கும். சிம் கிடையாது, பேச முடியாது. நாம் நிற்கும் இடத்தை, திறந்த வெளியானால் மூன்று மீட்டர் பிசகுக்குள் சொல்லும். நடந்த பாதை முழுவதையும் கோடாக வரைந்து வைத்துக்கொள்ளும். அதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. யாரோ ஒருவர் காட்டிலோ மலையிலோ ஒரு டப்பாவை ஒளித்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். நாம் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அப்படி ஒரு டப்பா திருத்தணிக்குப் பக்கம் கே.ஜி.கண்டிகைக் குன்றில் இருப்பதாகப் பார்த்து வைத்திருந்தேன். ஞாயிறன்று பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டுக்கு எப்படியும் போக வேண்டும். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிவிட்டேன்.

காலை 6.50. புறநகர் ரயில், டிக்கெட் இருபது ரூபாய். திருவள்ளூர்க் கோயிலுக்குப் போகும் தை அமாவாசைக் கூட்டம் நேற்றோடு முடிந்துவிட்டதால் பெட்டியில் நெரிசலில்லை. அரக்கோணம் தாண்டியதும் இடப்பக்கம் கரடுகள் தலைகாட்டத் தொடங்கின. 8.40க்குத் திருத்தணி.

நிலையத்துக்கு வெளியே பாவா மொபெட்டோடு நின்றிருந்தார். பாவா என்றால் அக்காவின் கணவர், அறுபத்திரண்டு வயது, லுங்கி வியாபாரம். இளமையில் விசைத்தறிச் சத்தத்தில் உட்கார்ந்து காதுகள் இரண்டும் மந்தம். வலது காதின் பின்னால் புதிதாக ஒரு காது மெஷின், வேர்க்கடலை அளவு, தோலின் நிறம்.

"கேக்குதா பாவா?" என்றேன்.

"நல்லா கேக்குது மச்சான். உங்க அக்கா திட்றதுகூட முழுசா கேக்குது. அது ஒண்ணுதான் கஷ்டம்."

அந்த மெஷினுக்கு ஒரு கதை உண்டு. பாவாவின் ஒரே மகள் கீர்த்தனா திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. பேச்சோடு பேச்சாகப் பையனின் பெரியப்பா, "கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு வேலைய விட்டுடும்தானே?" என்று கேட்டிருக்கிறார். பாவாவுக்குக் கேட்கவில்லை. கேட்காத எல்லாவற்றுக்கும் செய்வதைப்போல, "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டார். கீர்த்தனா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. நாலாம் நாள் தன் சம்பளத்தில் மெஷினை வாங்கி வந்து காதில் மாட்டிவிட்டாள். நாளை அவர்கள் தேதி குறிக்க வருகிறார்கள். அதற்கு முன் பாவா அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலை 9.15. நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கே.ஜி.கண்டிகை. டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரம்மா என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

"அது இன்னாங்க, அளக்கறதா? ரோடு போட வந்துகிறீங்களா?"

"இல்லம்மா. மலைமேல ஒரு டப்பா இருக்கு, தேடப் போறோம்."

"டப்பாவா? அதுல இன்னா கீது?"

"ஒரு நோட்டு. அதுல பேர் எழுதிட்டு அங்கேயே வச்சிட்டு வந்துடுவோம்."

அவர் பாவாவைப் பார்த்தார். "ரயில் ஏறி வந்து, மலை ஏறி, பேர் எழுதவா? ரோடு அளக்கறவங்களே தேவலைங்க."

குன்றின் அடிவாரத்திலேயே பாவா கருவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். திரையில் சின்ன முக்கோணமாக நாங்கள் நகர்வதைப் பார்த்துப் பார்த்து நடந்தார். பாதி ஏறியதும் அவருடைய செல்போனில் சிக்னல் போயிற்று. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. "இது நல்ல சாமான் மச்சான்," என்றார். எனக்கு என்னையே புகழ்ந்ததுபோல் இருந்தது. நடுவழியில், "நீ மெதுவா போய்கினே இரு, நான் ஒதுங்கிட்டு வரேன்," என்று பின்தங்கினார். நான் பாறைகளையும் காரைச் செடிகளையும் படமெடுத்தபடி நடந்தேன்.

காலை 11.05. உச்சி. கிழக்கே திருத்தணி மலையும் அதன்மேல் முருகன் கோயிலும் தெளிவாகத் தெரிந்தன. வடக்கே ஆந்திரப் பக்கத்துக் குன்றுகள் வரிசையாகப் போயின. எண்கள் காட்டிய இடத்திலிருந்து நாலு மீட்டரில், இரண்டு பாறைகளின் இடுக்கில், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இருந்தது. முகம் தெரியாத ஒருவர் வைத்ததை, வானத்தில் சுற்றும் பொருள்களின் உதவியால், வழி கேட்காமல் வந்து தொட்டேன். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது வியப்புதான். நோட்டில் இருவர் பெயரும் எழுதினேன்.

பகல் 12.20. மீண்டும் டீக்கடை. "சக்கரை போடட்டுங்களா?" என்றார் கடைக்காரம்மா. பாவா தலையாட்டினார். "இல்ல, சக்கரை இல்லாமலா?" என்று அந்தம்மா கேட்டதற்கும் தலையாட்டினார்.

நான் அவருடைய வலது காதைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

காதைத் தொட்டுக் காட்டினேன். பாவா தடவிப் பார்த்தார். சட்டைப் பை, துண்டு, மொபெட்டின் பெட்டி எல்லாம் தேடினார். அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னேன்: "நாளைக்கு நான் பேசறேன் பாவா. எனக்கும் தாய்மாமன் உரிமை இருக்கு."

"தலையாட்டினது நீயா? நான்தான ஆட்னேன்," என்றார். "நான்தான் இல்லன்னு சொல்லணும். அவங்க திருப்பி ஏதாவது கேட்டா அதுவும் எனக்கு கேக்கணும்."

நாங்கள் நடந்தது போக வர மூன்றரை கிலோமீட்டர், எல்லாம் சரளையும் முள்ளும். அதில் வேர்க்கடலை அளவுப் பொருள். போதாததற்குக் கடைக்காரம்மா, "மூணு மணிக்கு ஆடு ஏறும்ங்க. அதுங்க பிளாஸ்டிக்க விடாது," என்றார்.

கருவியை வாங்கிப் பாதையைத் திறந்தேன். ஏறிய கோடும் இறங்கிய கோடும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஏறும் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் வலப்பக்கம் கொக்கிபோல ஒரு வளைவு. பாதையிலிருந்து நாற்பது மீட்டர் விலகி, ஒரு பாறைக்குப் பின்னால் போய், அங்கே நூல் சிக்கியதுபோல முடிச்சாகி, திரும்பியிருந்தது. ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றால்தான் அப்படி முடிச்சு விழும். நேரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

"இங்க என்ன பண்ணீங்க பாவா?" திரையைக் காட்டி உரக்கக் கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போனேன்."

"பதினொரு நிமிஷமா?"

இந்த முறை அவருக்கு நன்றாகவே கேட்டது. டீ கிளாஸை வைத்துவிட்டு, "அக்காகிட்ட சொல்லாத," என்றார்.

பீடி. போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைமேல், அக்கா பக்கத்தில் நிற்க, விட்டுவிடுவதாகச் சொல்லி வந்த பீடி. தறிக்காலத்துப் பழக்கம், பீடியை வலது காதில் செருகி வைப்பார். இன்றும் பாறை மறைவில் கட்டைப் பிரித்து, ஒன்றைக் காதில் செருகி, தீப்பெட்டியைத் தேடி, பிறகு பீடியை உருவியிருக்கிறார். உருவியபோது மெஷினும் சேர்ந்து வந்துவிட்டது. குன்றின்மேல் யாரும் எதுவும் கேட்காததால் அவருக்குத் தெரியவில்லை. நான் உச்சியில் கோயிலைக் காட்டி ஏதேதோ சொன்னபோது தலையாட்டியதெல்லாம் சும்மாதான்.

வெயிலில் மறுபடி ஏறினோம். வந்த வழியே கூட்டிப்போகும் வசதி கருவியில் உண்டு. அதைப் போட்டுவிட்டு அம்புக்குறியின் பின்னால் நடந்தேன். பாவா எந்தப் பாறை என்று மூன்று இடத்தில் தப்பாகக் காட்டினார். பார்வைக்கு எல்லாப் பாறையும் ஒன்றுபோலவே இருந்தது. அம்புக்குறி மட்டும் குழம்பவில்லை. முடிச்சு விழுந்த இடத்துக்கு வந்ததும் இருவரும் முழங்காலிட்டோம். முதலில் தீக்குச்சி கிடைத்தது. அடுத்துப் பீடித் துண்டுகள், ஒன்றல்ல, இரண்டு. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்த இலையின்மேல், மெஷின்.

உள்ளங்கையில் வைத்துப் பொத்தினேன். அந்த மெஷின்கள் கைக்குள் பொத்தினால் கீச்சென்று சத்தம் போடும். போட்டது. பாவா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது. நான் சிரித்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாலை 6.00. பொதட்டூர்பேட்டை. பக்கத்து வீடுகளில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா காபி கொடுத்துவிட்டு, "எங்கடா சுத்தினீங்க? சோறு ஆறிப்போய், சூடு பண்ணி, மறுபடி ஆறிப்போச்சு. நடந்த வழியெல்லாம் அந்தப் பொட்டியில தெரியும்னியே, காட்டு," என்றாள். வழியில் பாவா அந்தக் கொக்கியை அழித்துவிடச் சொல்லியிருந்தார். ஐந்து வருடத்தில் நடந்த எந்தப் பாதையையும் நான் அழித்ததில்லை. யோசித்துச் செய்யலாம் என்று விட்டிருந்தேன். அக்கா கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"இது இன்னாடா, கொக்கி மாதிரி?"

நான் காபியைக் குடித்தேன். கூடத்தின் மறுகோடியில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த பாவாவுக்குக் கேட்டிருக்காது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மெஷின் காதில் இருந்தது.

"பீடி," என்றார், தாளை மடித்தபடி. "நான்தான். ரெண்டு குடிச்சேன்."

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "தெரியும். காதுதான் உங்களுக்குப் போச்சு. எனக்கு மூக்கு போவல." பிறகு என்னிடம், "நல்ல பொட்டிதான்டா இது. ஒரு மாசம் இவர் கழுத்துல மாட்டி வுட்டுட்டுப் போ," என்றாள்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கீர்த்தனா சிரிக்காமல் உள்ளே போனாள். அவளுடைய கவலை நாளையைப் பற்றி.

அம்பத்தூரில் என் தெரு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்; அங்கே இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. அலமாரியில் கிடக்கும். ஊர் விட்டு ஊர் வந்தால்தான் அதன் அருமை தெரிகிறது. படுக்கப் போகுமுன் இன்றைய பாதைக்குத் தேதி போட்டுச் சேமித்தேன், கொக்கியோடு.

பிப்ரவரி 11, ஞாயிறு. காலை 5.20. நான் எழுந்து வந்தபோது சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. பாவா மெஷினை மாட்டி, விரலால் காதின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கீர்த்தனாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அவங்க வர்றதுக்குள்ள சொல்லும்மா," என்றார். "உனுக்கு இன்னா வேணும், மொதல்ல இருந்து சொல்லு."

அவள் சாதாரணக் குரலில், வீட்டில் யாரும் அவரிடம் பேசாத அளவு மெதுவாக, சொல்லத் தொடங்கினாள். வேலை, ரயில் நேரம், இரவுப் பணி, அடுத்து எழுத வேண்டிய பரீட்சை என்று வெகுநேரம் சொன்னாள். பாவா அவள் வாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை.